உட்காருமா, உட்காராதா? ஸ்பேர்ஸை ஏமாறாமல் வாங்க

அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரில் ஸ்பீடோமீட்டர் முள் ஒருநாள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. முன்சக்கரத்துக்குள் அந்தக் கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தது. மெக்கானிக்குகள் அதை மீட்டர் பினியன் என்பார்கள். கைப்பேசியில் தேடினால் படத்தில் அச்சு அசல் அதே சாமான், விலையும் மலிவு. நான்காம் நாள் ராஜபாளையத்துக்குப் பார்சல் வந்துவிட்டது. பிரித்து வைத்தால் உட்காரவில்லை. வந்தது டிஸ்க் பிரேக் வண்டிக்கானது, எங்கள் வண்டியோ டிரம்.

திருப்பி அனுப்பப் பதிவு செய்தேன். எடுக்க வருகிறோம் என்று மூன்று நாள் செய்தி வந்தது. மூன்று நாளும் மாலையில் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று இன்னொரு செய்தி. மூன்றாவது செய்தி வந்தபோது நான் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு.

மறுநாள் பழைய பினியனைத் தாளில் மடித்துக் கடைவீதிக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி அதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் பல்லை ஒருமுறை வருடினார். “டிரம்தானே தம்பி? ஸ்போக் வீலா, அலாயா?” என்று கேட்டார். பதிலைக் காதில் வாங்கிக்கொண்டே பின்பக்கத் தட்டில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். பத்து நிமிட வேலை.

உள்ளூர்க் கடைதான் உத்தமம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதே கடைவீதியில் இன்னொரு கடையில் பில் இல்லாமல் வாங்கிய ரெக்டிபையர் மூன்று வாரத்தில் கருகியது. கொண்டுபோய்க் காட்டினால், “எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது தம்பி” என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். ஆன்லைனில் சாமான் பொருந்தாத தொல்லை என்றால், கடையில் சாட்சி இல்லாத தொல்லை. எங்கே வாங்கலாம் என்று யோசிக்கும் முன்பே, என்ன வாங்குகிறோம் என்பதை எண்ணோடு தெரிந்துகொண்டால் இரண்டிலும் பாதி தீர்ந்துவிடும். இந்த அத்தியாயத்தின் முதல் இரண்டு பகுதிகள் அதற்குத்தான். அவற்றைத் தாண்டிக் குதித்து ‘எங்கே விலை குறைவு’ என்று தேடாதீர்கள்.

முதல் வேலை: வண்டியின் ஜாதகம்

1. ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். கம்பெனி, மாடல், தயாரித்த மாதமும் வருடமும், சேஸிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசியில் ஆர்.சி.யின் படமும் இருக்கட்டும். வாங்கிய தேதி வேறு, தயாரித்த தேதி வேறு. சாமான் பொருந்துவது தயாரித்த தேதிக்குத்தான்.

2. சேஸிஸ் எண்ணை வண்டியில் அடித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் இருக்கும். அழுக்கைத் துணியால் துடைத்தால் தெரியும். மொத்தம் 17 இடங்கள். அதில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், கோடாகத் தெரிவது ஒன்று. இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனில் தப்பாகச் சொல்லித் தப்பான சாமான் வாங்கியவர்கள் உண்டு.

3. வண்டி பிஎஸ் 4-ஆ, பிஎஸ் 6-ஆ என்று குறியுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 கட்டாயம். அதோடு பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெயரும் பெட்ரோல் டேங்கும் மாறாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறிய காலம் அது. ஆன்லைனில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

4. டிரம்மா டிஸ்க்கா, கிக்கரா செல்ஃபா, ஸ்போக்கா அலாயா என்று எழுதுங்கள். கவுன்டரில் முதலில் கேட்கப்படும் மூன்று கேள்விகள் இவைதான்.

5. வண்டியில் முன்பே யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இது முக்கியம். வேறு மாடலின் முன்சக்கரமோ கார்புரேட்டரோ மாட்டியிருக்கலாம். அப்படியானால் ஆர்.சி. சொல்வது உங்களுக்கு உதவாது, பழைய பாகம்தான் பேசும்.

உதாரணத்துக்கு எக்ஸ்எல் மொபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் கேன் சுமப்பதும் அதுதான், வயலிலிருந்து மாட்டுக்குப் புல்லுக்கட்டு வருவதும் அதில்தான். எல்லோரும் ‘எக்ஸ்எல்’ என்ற ஒரே பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெயரில் மூன்று வண்டிகள் ஓடுகின்றன: பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக், 2015-ல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100, அதன் பிஎஸ் 6 இன்ஜெக்‌ஷன் வண்டி. தேடும் பெட்டியில் ‘எக்ஸ்எல்’ என்று மட்டும் போட்டால் மூன்றுக்குமான சாமானும் கலந்துகட்டி வரும். விற்பவரே சில சமயம் ‘எல்லா எக்ஸ்எல்லுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருப்பார். நம்பாதீர்கள்.

இரண்டாம் வேலை: பாகத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பழைய பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ துணியை நனைத்துத் துடையுங்கள். (நெருப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.) நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண் தெரியும். எண் கிடைத்துவிட்டால் பல பாகங்களுக்கு வண்டியின் பெயரே தேவையில்லை.

*பேரிங்.* இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். பக்கவாட்டு வளையத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, தடிமன் 12 மில்லிமீட்டர். 6201 என்றால் உள்விட்டம் அதே 12, ஆனால் வெளிவிட்டம் 32, தடிமன் 10. ஆக்ஸில் இரண்டிலும் நுழையும், ஹப்பில் ஒன்றுதான் இறுகி உட்காரும். ‘ஆக்ஸில் சரியாகப் போகிறதே’ என்று திருப்திப்பட்டு வாங்கிவந்தால் சிக்கல். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ரப்பர் மூடியா, தகட்டு மூடியா, மூடியே இல்லாததா என்பதை அவைதான் சொல்கின்றன. செண்பகத்தோப்பு ரோடு, அய்யனார் கோயில் ரோடு மாதிரி மண்ணும் தண்ணீரும் உள்ள வழியில் தினமும் ஓடும் வண்டிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டதே நல்லது.

*ஆயில் சீல்.* மூன்று எண்கள் வரிசையாக இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். 20, 35, 7 என்று இருந்தால் அதையே கேளுங்கள். எண் அழிந்திருந்தால் சீலை அளக்காதீர்கள், அது நைந்து விரிந்திருக்கும். அது உட்காரும் குழியையும் அதற்குள் சுழலும் தண்டையும் அளங்கள். வெர்னியர் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கேட்டால் அளந்து சொல்வார்கள்.

*செயின்.* பட்டையில் 428 அல்லது 420 என்று அடித்திருக்கும். இரண்டுக்கும் கண்ணிக்குக் கண்ணி தூரம் ஒன்றுதான், 12.7 மில்லிமீட்டர். ஆனால் 420-ன் உள் அகலம் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் ஒரே நீளம், ஒரே கண்ணி, மாட்டினால் ஸ்ப்ராக்கெட்டில் இறங்காது. கண்ணிகளின் எண்ணிக்கையையும் எண்ணி எழுதுங்கள். செயினை மட்டும் தனியாக மாற்றவேண்டாம். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும், செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் செட்டாகவே வாங்குங்கள்.

*ஸ்பார்க் பிளக்.* எண்ணை அப்படியே கேளுங்கள், ‘கிட்டத்தட்ட’ வேண்டாம். என்ஜிகே பிளக்கில் வெப்ப எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. பாஷ் பிளக்கில் கூடக்கூடச் சூடானது. ஒரு கம்பெனியின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றில் ஊகித்தால் நேர்எதிராகப் போய் நிற்கும்.

*ஹெட்லைட் பல்பு.* 35/35 வாட் எச்எஸ்1 பல்பும் 60/55 வாட் எச்4 பல்பும் பார்க்க அண்ணன் தம்பி. ‘வெளிச்சம் பிச்சுக்கும்’ என்று எச்4-ஐ வாங்கி மாட்டினால் ஹோல்டர் உருகும், ஒயர் சுடும், பேட்டரி வறளும்.

*பேட்டரி.* வோல்ட், ஏஎச் எண்ணோடு பிளஸ் முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் பாருங்கள். மாறி இருந்தால் ஒயர் எட்டாது. இழுத்து எட்டவைக்க முயன்று ஷார்ட் ஆனால் ஒயரிங்கே போய்விடும்.

*கம்பெனி பாக எண்.* ஒரிஜினல் பொட்டலத்தின் லேபிளில் இருக்கும். ஹோண்டா, அதன் வழிவந்த ஹீரோ வண்டிகளில் இந்த எண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு: முதல் ஐந்து இலக்கம் என்ன பாகம் என்பது, அடுத்த மூன்று இடம் எந்த மாடல் என்பது. 22870 என்று தொடங்கினால் கிளட்ச் கேபிள், 17910 என்றால் ஆக்சிலரேட்டர் கேபிள், 44830 என்றால் மீட்டர் கேபிள். நடுவில் உள்ள மூன்று இடம் உங்கள் பழைய லேபிளோடு ஒத்துப்போகாவிட்டால் படம் எவ்வளவு ஒத்திருந்தாலும் ஆர்டர் போடாதீர்கள். சில பாகங்களுக்குக் கம்பெனியே பழைய எண்ணை ரத்துசெய்து புது எண் கொடுத்திருக்கும். அதை ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்டரில் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டால் கணினியில் பார்த்துச் சொல்வார்கள்.

> குறிப்பு: பழைய பாகத்தை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுங்கள். ஸ்கேல் இல்லாத படத்துக்கு மதிப்பு இல்லை. மாற்றி முடிக்கும்வரை பழைய பாகத்தை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

எதை எங்கே வாங்கலாம்

ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். நான் கடைப்பிடிப்பது இது.

பிரேக் ஷூ, பிரேக் பேடு, பிரேக் கேபிள், டயர், ஸ்டியரிங் கோன் செட் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன். உயிர் இவற்றில்தான் இருக்கிறது, போலிச் சாமானும் இவற்றில்தான் புழங்குகிறது. பேட்டரியும் உள்ளூரில்தான். வாரண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியது நாம்தானே. டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைக் கடையிலேயே குனிந்து பார்க்கலாம். 3224 என்றால் 2024-ன் 32-வது வாரம் செய்தது. ஆன்லைனில் இதை முன்கூட்டிப் பார்க்க வழியில்லை.

உற்பத்தி நின்றுபோன வண்டியின் சைடு பேனல், டூம், மீட்டர் கண்ணாடி, எம்பளம், சீட் கவர், மிரர் ஆகியவற்றுக்கு ஆன்லைன் நல்லது. இவற்றை நம் ஊர்க் கடைகள் அடுக்கி வைப்பதில்லை. வைத்தால் அவர்களுக்கு முடங்கிய பணம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓடும் வண்டிக்குத்தான் சாமான் இருக்கும். எக்ஸ்எல்லுக்கும் ஸ்பிளெண்டருக்கும் எந்தச் சந்திலும் கிடைக்கும். ஊரில் நாலைந்து பேர் மட்டும் வைத்திருக்கும் வண்டி என்றால் ‘ஆர்டர் போட்டிருக்கேன், செவ்வாய்க்கிழமை வரும்’ என்பதுதான் பதில். எந்தச் செவ்வாய் என்று சொல்லமாட்டார்கள்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலரும் மறந்துவிட்ட வழி. மதுரைக் கடைக்குப் போன் செய்து, எண்ணும் படமும் அனுப்பி, பணம் போட்டு, பஸ்ஸிலோ பார்சல் சர்வீஸிலோ வாங்குவது. ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான். காலையில் பேசினால் மாலையில் பொட்டலம் கையில். போனில் பேசும் ஆள் “அந்த வருசத்து வண்டிக்கு இது சேராதுங்க, அடுத்த நம்பர் தர்றேன்” என்று சொல்லக்கூடியவர். எந்தத் தேடல் பெட்டியும் இதைச் சொல்லாது. அங்கும் இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய வண்டியில் கழற்றிய சாமான் போதும் என்றால் புதுப்பேட்டை. கழற்றிய சாமானில் பிரேக், டயர், ஃபோர்க் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கவுன்டரில் நிற்கும்போது

1. காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போகாதீர்கள். அந்நேரம் மெக்கானிக் பையன்கள் சீட்டோடு வரிசையில் நிற்பார்கள், உங்கள் கேள்விக்குப் பொறுமை இருக்காது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் போனால் அண்ணாச்சி உட்கார்ந்து பேசுவார்.

2. பழைய பாகத்தை முதலில் கவுன்டரில் வையுங்கள். பேச்சு பிறகு.

3. ‘ஒரிஜினலா?’ என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். “கம்பெனி பார்ட்டா, வேற மேக்கா? என்னென்ன மேக் இருக்கு, விலை என்ன?” என்று கேளுங்கள். வண்டிக் கம்பெனி பெயரில் வருவது ஒன்று. கோவை எல்ஜிபியின் ரோலான் செயின் மாதிரி, பாகம் செய்யும் கம்பெனியே தன் பெயரில் கடைக்கு விடுவது இன்னொன்று. பெயரே தெரியாத மேக் மூன்றாவது. இரண்டாவது வகை பல சமயம் நல்லது, விலையும் குறைவு. இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் என்று புரிந்துவிட்டால் மூன்றாவது வகையை உங்கள் முன் எடுத்து வைக்கமாட்டார்கள்.

4. பொட்டல லேபிளைப் படியுங்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும், மாதம் வருடம், எம்ஆர்பி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் இருக்கவேண்டும். எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள், தெரிந்த பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்.

5. அங்கேயே பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பிரேக் ஷூ என்றால் முனை, ஸ்பிரிங் துளை, வளைவு மூன்றையும். எக்ஸ்எல் 100-க்கு 110 மில்லிமீட்டர் டிரம், ஸ்பிளெண்டருக்கு 130. ஷூ தனியாக இருக்கும்போது இந்த 20 மில்லிமீட்டர் கண்ணில் படாது.

6. பில் கேளுங்கள். துண்டுச் சீட்டு அல்ல, கடை பெயர், தேதி, பாக எண் உள்ள பில். ‘பில் போட்டா டாக்ஸ் கூடும்’ என்பது செல்லாத பேச்சு, எம்ஆர்பியில் வரி ஏற்கெனவே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குமுன் பெரும்பாலானவற்றுக்கு 28. பொட்டலத்தின் தேதி அதற்கு முந்தையது என்றால் புது விலை என்ன என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

7. எலக்ட்ரிக்கல் சாமான் என்றால், ‘இங்கேயே செக் பண்ணிக் காட்டுங்க’ என்று சொல்லுங்கள். சிடிஐ, ரெக்டிபையர், ரிலே எதையும் திரும்ப எடுப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அதற்கு ஒரு நியாயமும் உண்டு: தப்பாக இணைத்துக் கருக்கிவிட்டு வருபவர்கள் நிறைய. ஆகவே பழைய சாமான்தான் போயிற்றா என்பதை மெக்கானிக்கிடம் உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். ஒயர் அறுந்ததற்கு சிடிஐ மாற்றியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

ஆன்லைனில் ஆர்டர் போடும்போது

1. வண்டிப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பாக எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

2. படத்தை நம்பாதீர்கள். ஒரே படத்தைப் பத்து விற்பனையாளர்கள் போட்டிருப்பார்கள். கீழே எழுத்தில் உள்ள விவரத்தில் எண், வருடம், டிரம்/டிஸ்க் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பவருக்கே தெரியாது என்று அர்த்தம்.

3. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் செய்யப்பட்ட நாடு, திரும்பப் பெறும் விதி ஆகியவற்றைக் காட்டவேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி கட்டாயம். தேடியும் கிடைக்காத இடத்தில் வாங்காதீர்கள்.

4. பின்கோடைப் போட்டு இரண்டு விஷயம் பாருங்கள். 626117-க்கோ 626125-க்கோ கொண்டுவந்து தருவார்களா என்பது ஒன்று, திருப்பி எடுக்க ஆள் வருமா என்பது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் பார்ப்போம். என் பினியன் மாட்டிக்கொண்டது இரண்டாவதில். ஆள் வராது என்றால் உங்கள் செலவில் கூரியர் அனுப்பவேண்டியிருக்கும், சின்னச் சாமானுக்கு அந்தச் செலவு சாமானின் விலையைத் தாண்டும்.

5. விலையைச் சரியாகக் கூட்டுங்கள்: சாமான், டெலிவரி, மாட்டும் கூலி. நாமே வாங்கிக் கொண்டுபோகும் சாமானை மாட்டச் சில மெக்கானிக்குகள் கூலி கூட்டிக் கேட்பார்கள், சிலர் மாட்டவே மாட்டார்கள். ‘உட்காரலைன்னா என்னைச் சொல்லக்கூடாது’ என்பார்கள். ஆர்டர் போடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

6. வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆர்டர் போடாதீர்கள். பார்சல் தாமதமாகலாம், தப்பாக வரலாம். அதுவரை பிரித்த என்ஜினில் தூசி போகும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக்குள் டெலிவரி வண்டி நுழையும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

பார்சல் வந்த அன்று

பிரிக்கும் முன்பே கைப்பேசியை எதிரில் நிறுத்தி வீடியோ எடுங்கள். முதலில் வெளி உறையின் முகவரிச் சீட்டு, பிறகு ஒட்டு உடைபடாமல் இருப்பது, பிறகு உள்ளே உள்ள லேபிள், கடைசியில் பழைய பாகத்துக்குப் பக்கத்தில் புதுப் பாகம். இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும். டெலிவரி ஆள் கேட்கும் ஓடிபி எண்ணைப் பார்சலைக் கையில் வாங்கிய பிறகே சொல்லுங்கள். திருப்பி அனுப்பும்போது எடுத்துச் செல்பவரிடம் ஒப்புகை வாங்காமல் பொருளைக் கொடுக்காதீர்கள்.

கிரீஸ் பட்டுவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆகவே சுத்தமான கையால், பாலிதீன் உறையோடு வைத்து அளந்து பாருங்கள். சுத்தியலால் தட்டி ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று உட்காரவைக்கும் வேலை கூடவே கூடாது. பேரிங், ஆயில் சீல் போன்ற சிலதான் இறுக்கமாக உட்காரவேண்டியவை. பேரிங்கையும் வெளிவளையத்தில் சமமாகத் தட்டித்தான் இறக்கவேண்டும், உள்வளையத்தில் அடி விழுந்தால் புதுப் பேரிங்கும் அன்றே சத்தம் போடும்.

மாட்டும்போது பாதுகாப்பு

- சக்கரம் கழற்றினால் சென்டர் ஸ்டாண்டு, சமதளம், என்ஜினுக்குக் கீழே ஒரு மரக்கட்டை. சைடு ஸ்டாண்டில் வேண்டாம்.
- டிரம்முக்குள் இருக்கும் கரும்தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப்போடுங்கள்.
- புது ஷூவின் உராய்வுப் பரப்பில் எண்ணெய்க் கை படக்கூடாது.
- பேட்டரி கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.
- பிரேக் ஆயில் மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். திறந்து நாளான பாட்டில் ஈரம் இழுத்திருக்கும், சின்ன பாட்டிலாக வாங்குங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.
- பிரேக் வேலை செய்த வண்டியை நேராகக் கொல்லம் நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். முதலில் தள்ளிக்கொண்டு நடந்து பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் பத்து கிலோமீட்டர் வேகம், அப்புறம் இருபது. திரும்பி வந்து டிரம்மில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் ஷூ உரசிக்கொண்டே ஓடுகிறது, அட்ஜஸ்ட்மென்டைத் தளர்த்துங்கள்.

தகராறு வந்தால்

1. முதலில் எழுத்தில் புகார் செய்யுங்கள். ஆன்லைன் நிறுவனம் என்றால் அதன் குறைதீர் அதிகாரிக்கு. 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்வு சொல்லவேண்டும் என்பது மின்வணிக விதி. சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளையும், போலியையும், பழுதானதையும் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. ‘ரிட்டர்ன் இல்லை’ என்று எழுதிவைத்தாலும் இவற்றுக்குச் செல்லாது.

2. உள்ளூர்க் கடை என்றால் பில்லோடு போங்கள், தனியாகப் பேசுங்கள். மற்ற வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போட்டால் அண்ணாச்சி மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். பேசியும் நடக்கவில்லையா? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுப்பதற்கான கெடு பில்லில் சொல்லியிராவிட்டால் அது 30 நாள்.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. விற்ற நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

5. கொண்டுபோக வேண்டியவை: பில், ஆர்டர் விவரத்தின் அச்சுப்படி, விற்பனைப் பக்கத்தின் படம் (பிறகு மாற்றிவிடுவார்கள், ஆர்டர் போடும் அன்றே எடுத்து வையுங்கள்), பிரித்த வீடியோ, ‘வீட்டில் இல்லை’ என்று வந்த செய்திகள், வந்த பாகம், அதன் பக்கத்தில் வைக்கப் பழைய பாகம்.

நான் அந்தப் பினியனுக்காக ஆணையம்வரை போகவில்லை, அது ஒரு டிபன் காசு. மூன்றாவது செய்திக்குப் பிறகு எல்லாவற்றையும் படம் எடுத்துக் குறைதீர் அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதினேன். எட்டாம் நாள் பணம் திரும்ப வந்தது, சாமானை எடுக்க யாரும் வரவில்லை. டிஸ்க் பிரேக் ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர் யாராவது வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று இன்னும் டூல்ஸ் டப்பாவில் கிடக்கிறது.